கோவா விழாத கையிலிருந்து பந்து ஏன் விழுகிறது?

சனிக்கிழமை றக்பி ஆட்டத்தில் என் மருமகன் நான்கு பாஸ்களைத் தவறவிட்டான். மறுநாள் காலை, நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைச் சந்தியில், அவன் அப்பாவோடு, அதாவது என் மச்சானோடு, லொறியில் ஏறி நின்று கோவா (முட்டைக்கோஸ்) பிடித்துக்கொண்டிருந்தான். என் உரக்கடை அந்த லொறி நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. கதவைத் திறக்காமல் நின்று எண்ணத் தொடங்கினேன். கீழே நிற்பவர் எறிகிறார், மச்சான் வாங்கி மேலே வீசுகிறார், பையன் பிடித்து அடுக்குகிறான். இருநூறு வரை எண்ணினேன். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குக் குறையாது. றக்பி பந்தோ 410 முதல் 460 கிராம்தான்.

ஆகவே அவனுக்குக் கை சரியில்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். பந்தைத் தவறவிடும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் கையில் குறை இல்லை. பந்து வந்து சேர்வதற்கு முன்பே கண் அதை விட்டுப் போய்விடுகிறது. இதை நான் என் சொந்த வாழ்க்கையில் மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கண்டியில் விடுதியில் தங்கிப் படித்தபோது விங் இடத்தில், அதாவது மைதானத்தின் ஓரத்தில் நின்று ஓடுபவனாக, விளையாடினேன். கண்டிப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு வீட்டுச் சொத்து மாதிரி. 1906இல் கிங்ஸ்வூட் கல்லூரியும் டிரினிட்டி கல்லூரியும் அங்கே மோதியதுதான் நாட்டின் முதல் பாடசாலை றக்பி ஆட்டம். அங்கே ஒரு பையன் பந்தைத் தவறவிட்டால் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவன் அப்பாவோ பெரியப்பாவோ காரணம் சொல்லித் திருத்துவார். எங்கள் பக்கத்தில், நானுஓயாவுக்கு அருகே ரதல்ல மைதானத்தில் தோட்டத் துரைமார் விளையாடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள்தான் எங்கள் தாத்தாமார். வீட்டில் கேட்க ஆள் இல்லை. ஒரு முக்கியமான ஆட்டத்தில், கோட்டுக்கு ஐந்து மீற்றர் முன்னால், யாரும் தடுக்க இல்லாத நேரத்தில் நான் ஒரு பந்தைத் தவறவிட்டேன். பயிற்றுநர் எல்லோர் முன்னிலையிலும் கத்தினார்: "கண்ணை மூடிக்கொண்டா விளையாடுகிறாய்?" அடுத்த ஆட்டத்தில் என் பெயர் இல்லை. அவர் கத்தியது உண்மை. நான் உண்மையாகவே கண்ணை மூடியிருந்தேன். வசவாக வந்ததால் எனக்கு அது வசவாகவே கேட்டது. அதையே பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் திருத்தியிருக்கலாம்.

முதலில் எண்ணுங்கள்

எடுத்தவுடன் பயிற்சியைத் தொடங்காதீர்கள். ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் வெறுமனே குறித்துக்கொள்ளுங்கள். தவறிய ஒவ்வொரு பந்துக்கும் நான்கு விடயங்கள் போதும்: இடப்பக்கத்திலிருந்து வந்ததா, வலப்பக்கத்திலிருந்து வந்ததா, நின்று வாங்கினானா, ஓடி வாங்கினானா, எதிரே ஆள் வந்தாரா, பந்து ஈரமா. என் மருமகனுக்கு அந்த வாரம் பதினேழு பந்துகள் தவறின. அதில் பதின்மூன்று எதிரே ஆள் வந்தபோது. நின்று வாங்கும்போது ஒன்றுமே தவறவில்லை. "பையன் பந்தைத் தவறவிடுகிறான்" என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. கொப்பியைப் பார்த்தால் பெரும்பாலும் ஆள் வரும்போதுதான் தவறவிடுகிறான் என்று தெரிந்தது. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இன்னொரு பையன் வந்தான். அவனுடைய பக்கத்தைப் பார்த்தபோது, தவறிய பந்துகள் எல்லாம் மாலை நாலரைக்குப் பின்னால், மூட்டம் இறங்கிய பிறகு. முதலில் குளிர் என்று நினைத்தேன். பிறகு கடைக்குள் கூப்பிட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் படிக்கச் சொன்னேன். நான்கு அடி தள்ளி நின்றால் திகதி தெரியவில்லை. பதினான்கு வயது வரை அவன் கண்ணை யாரும் பார்த்ததில்லை. வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து சமாளித்திருக்கிறான். தோட்டத்துப் பெற்றோரிடம் இதைக் கைகூப்பிக் கேட்கிறேன்: பிள்ளை பந்தைத் தவறவிட்டால், கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினால், முதலில் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி போட்டு றக்பி விளையாட முடியாது. ஆனால் இந்த விளையாட்டுக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடிகளுக்கு உலக றக்பி அமைப்பு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. கண் தெரியவில்லை என்பதற்காக ஆட்டத்தை விட வேண்டியதில்லை.

கையை எப்படி வைப்பது

பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தையை உங்களிடம் நீட்டினால் எப்படி வாங்குவீர்கள்? அவள் கொண்டுவந்து உங்கள் நெஞ்சில் வைக்கும்வரை காத்திருக்க மாட்டீர்கள். கை முன்னே போகும், விரல்கள் விரியும், முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கும், பாரம் கையில் ஏறும்போது கை தானாகப் பின்னால் வரும். பந்தையும் அப்படித்தான் வாங்க வேண்டும். பெருவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி இருக்கட்டும். மற்ற விரல்கள் விரிந்து மேல்நோக்கி இருக்கட்டும். உள்ளங்கை இரண்டும் பந்தை எறிபவரைப் பார்க்கட்டும். இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்கு மட்டும் கையைத் திருப்பி, சுண்டுவிரல்கள் அருகருகே வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பிலிருந்து ஒரு முழங்கை நீளம் தள்ளிப் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பிடித்தால், பந்து விரலில் தட்டி எகிறினாலும் அதை மறுபடி பிடிக்க இடம் இருக்கிறது. நெஞ்சோடு பிடிக்கப் போனால் பந்து நெஞ்செலும்பில் பட்டு முன்னே துள்ளும். இரண்டாவது வாய்ப்பு இல்லை. பிடித்த பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். மச்சான் கோவாவை இப்படித்தான் வாங்குகிறார். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பல வருடம் கையை நீட்டி நீட்டிப் பழகியது.

கால்கள் நேரே ஓடட்டும், தோள் மட்டும் எறிபவர் பக்கம் திரும்பட்டும். பல பிள்ளைகள் முழு உடம்பையும் நேரே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் திருப்புகிறார்கள். அப்போது ஒரு கைதான் பந்துக்கு எட்டும்.

பந்தின் அளவையும் பாருங்கள். ஐந்தாம் இலக்கப் பந்து 28 முதல் 30 சென்ரிமீற்றர் நீளம், நடுவில் சுற்றளவு 58 முதல் 62 சென்ரிமீற்றர். அது பெரியவர்களின் பந்து. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விரல் அதைச் சுற்றிப் பிடிக்காது. சிறுவர்களுக்கென நான்காம், மூன்றாம் இலக்கப் பந்துகள் இருக்கின்றன. பாடசாலையில் இருக்கும் ஒரே பந்தைச் சின்னப் பிள்ளைகளிடமும் கொடுத்துவிட்டுப் பிறகு கையைக் குறை சொல்வது நியாயமில்லை.

வீட்டில் பந்து இல்லையென்றால் அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் 400 மில்லிலீற்றருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நிரப்புங்கள். அது பந்தின் எடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மூடியை இறுக்கி, பழைய கம்பளிச் சட்டை ஒன்றைத் தடிப்பாகச் சுற்றிக் கட்டிவிட்டால் லயத்து வாசலில் தம்பியோ தங்கையோ எறிய, இவன் பிடிக்கலாம். நாளைக்கு ஐம்பது போதும். அதற்கு மேல் போனால் கவனம் சிதறி, கெட்ட பழக்கம்தான் ஊறும்.

எழுத்தைச் சொல்லு

கண்ணுக்கான பயிற்சி இதுதான். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

றக்பி பந்து நான்கு துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது போல் இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் அழியாத மையால் பெரிதாக ஒரு எழுத்து எழுதுங்கள். நான் க, ச, ட, ப என்று எழுதியிருக்கிறேன். பந்து கையில் பட்ட கணத்தில் எந்த எழுத்து மேலே இருக்கிறதோ, அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பந்தைப் பிடித்துவிட்டு எழுத்தைச் சொல்லவில்லையென்றால் அது தவறிய பந்தாகவே கொப்பியில் ஏறும். பந்து விழுந்துவிட்டது, ஆனால் எழுத்தைச் சரியாகச் சொன்னான் என்றால் அதற்கு அரைப் புள்ளி. ஏனென்றால் கண் தன் வேலையைச் செய்துவிட்டது. கை பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

முதல் நாள் என் மருமகன் முப்பது பந்து பிடித்தான், எழுத்து ஒன்பதுதான் சொன்னான். "மாமா, பந்து வரும்போது எழுத்தைப் பார்த்தால் முன்னால் வருபவன் தெரியமாட்டானே" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதில்: ஆளைப் பார்க்க வேண்டிய நேரம் பந்து எறிபவர் கையில் இருக்கும்போது. அப்போது ஒரு முறை எதிரே பார். எத்தனை பேர், எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று. பந்து புறப்பட்டதும் கண் பந்துக்கு உரியது. கையில் சேர்ந்து எழுத்தைச் சொன்ன பிறகு மறுபடி நிமிர்ந்து பார். இடையில் போவது ஒரு நொடிக்கும் குறைவு. அந்த நொடியில் முன்னால் பார்த்தாலும் வருபவன் வரத்தான் போகிறான். பார்ப்பதால் அவன் நிற்கப் போவதில்லை.

அடுத்ததாக ஆளைக் கொண்டுவாருங்கள். என் கடையில் வெறும் உரப்பைகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் காய்ந்த மானாப்புல்லைத் திணித்துக் கட்டி ஒரு பையனிடம் கொடுத்தேன். முதல் நாள் அவன் அந்தப் பையோடு நடந்து வர வேண்டும், இடிக்கக் கூடாது. மருமகன் பந்தை வாங்கி எழுத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம் மெதுவாக ஓடி வந்து, பந்து பிடித்த பிறகு பையால் தோளில் தள்ள வேண்டும். மூன்றாம் வாரம் வேகமாக வரலாம்; ஆனால் சில முறை கடைசி நேரத்தில் விலகிப் போக வேண்டும், சில முறை இடிக்க வேண்டும். எது என்று பிடிப்பவனுக்குத் தெரியக் கூடாது. அவன் செய்ய வேண்டியது ஒவ்வொரு முறையும் ஒன்றே: எழுத்தைச் சொல்வது. அவசரப்படாதீர்கள். நடந்து வருபவனுக்கு முன்னால் கண் சிமிட்டும் பிள்ளையை ஓடி வருபவன் முன்னால் நிறுத்தினால் பயம் இரட்டிப்பாகும். வாய்க்காப்பு இல்லாமல் இதைச் செய்யவும் வேண்டாம்.

பயம் என்று எழுதிவிட்டேன். பிள்ளைகளிடம் அந்தச் சொல்லை நான் மறைப்பதில்லை. எழுபது கிலோ பையன் ஓடி வந்து மோதப் போகிறான் என்றால் கண் மூடிக்கொள்வது உடம்பின் இயற்கை. உங்களுக்குத் தைரியம் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. உரப்பை பல நூறு முறை மோதி ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு தெரிந்துகொண்டால் கண் திறந்திருக்கும்.

பந்து பின்னால் வந்தால்

ஓடி வாங்கும்போது மட்டும் தவறுகிறது, பந்து எப்போதும் தோளுக்குப் பின்னால் வருகிறது என்று கொப்பி சொன்னால், பிடிப்பவன் சீக்கிரம் புறப்படுகிறான். றக்பியில் கையால் பந்தை முன்னோக்கி எறிய முடியாது என்பதால் முந்தி ஓடியவனுக்குப் பந்து முதுகுப் பக்கம்தான் வரும். இரண்டு மூன்று மீற்றர் பின்னால் நின்று தொடங்குங்கள். உங்களுக்கு எறியப் போகிறவர் கையில் பந்து சேர்ந்த பிறகு வேகமெடுங்கள். எறிபவரும் உங்கள் கைக்கு முன்னால், நீங்கள் ஓடி வந்து சேரும் இடத்துக்கு எறியட்டும். தவறிய பந்து எல்லாம் பிடிப்பவன் கணக்கில் எழுதப்படுவது எனக்குச் சம்மதமில்லை.

நம் குளிரும் மழையும்

கொழும்புப் பயிற்றுநர்கள் சொல்லித்தராத பாடம் இது. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் நம் மைதானங்கள் செப்டெம்பர் வரை காய்வதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம்; கந்தப்பளையிலும் குளிர் குறைவில்லை. விறைத்த விரலுக்குப் பந்து தொட்டது தெரிவதில்லை. தெரியாத விரல் தாமதமாக மூடும், பந்து அதற்குள் போய்விடும்.

களத்தில் இறங்கும் வரை கம்பளிக் கையுறையைக் கழற்றாதீர்கள். கால்களைச் சூடாக்க ஓடுகிறீர்கள். விரலுக்கும் அதே அளவு நேரம் கொடுங்கள். நெருக்கமாக வட்டமாக நின்று இரண்டு மீற்றர் தூரத்தில் வேகமாகப் பந்தைக் கைமாற்றுங்கள், ஐந்து நிமிடம். விங்கில் நிற்பவனுக்குப் பத்து நிமிடம்கூடப் பந்து வராமல் போகலாம். அந்த நேரத்தில் கையைத் தொங்கவிட்டு நிற்காமல் அக்குளில் வைத்துக்கொள்ளட்டும், விரலை மடக்கி விரிக்கட்டும்.

ஈரப்பந்துக்கு மட்டும் முன்பு சொன்ன விதியைக் கொஞ்சம் மாற்றுகிறேன். மழையில் பந்தை உடம்புக்கு இன்னும் கிட்டே வாங்குங்கள், ஒரு கை அடியிலும் ஒரு கை பக்கத்திலும் இருக்க, நெஞ்சு மூன்றாவது கையாக இருக்கட்டும். பந்து சறுக்கினாலும் கைகளுக்குள் விழும். இதைப் பழக மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு பாஸுக்கும் முன்னால் பந்தை அமுக்கி எடுங்கள். இருபது பந்து அப்படிப் பிடித்துவிட்டால் சாதாரண ஈரம் ஈரமாகவே தோன்றாது. பயிற்சி முடிந்ததும் காலில் அட்டை பாருங்கள். அதற்கு வழி எல்லோருக்கும் தெரியும்.

உதைத்து மேலே போன பந்து தனிக் கதை. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பந்துக்குக் கீழே போய் "என்னுடையது" என்று கத்திவிட்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நின்று பிடியுங்கள். கையில் பட்டுத் தவறிய பந்து முன்னோக்கிப் போனால்தான் அது நொக்-ஒன் என்ற தவறு. தோள் திரும்பியிருந்தால், தவறினாலும் பந்து பக்கத்திலோ பின்னாலோ விழ வாய்ப்பு அதிகம். மத்தியஸ்தர் விசில் ஊதமாட்டார், நீங்கள் குனிந்து எடுத்துக்கொள்ளலாம்.

தவறிய பிறகு

அமெரிக்கக் கால்பந்தில் பந்து பிடிப்பதற்கென்றே ரிசீவர் என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே பந்தை முன்னோக்கி எறியலாம். பிடிப்பவர் தவறவிட்டால் பந்து பழைய இடத்துக்கே திரும்பும், அணி தன் வாய்ப்புகளில் ஒன்றை இழக்கும். அந்த ஆட்டத்தில் ஜெரி ரைஸ் என்பவரின் கதையை நான் மருமகனுக்கு அடிக்கடி சொல்வேன். மிசிசிப்பியில் கொத்தனார் ஒருவரின் மகன். கோடை விடுமுறையில் அப்பாவுக்கு உதவியாக நின்று, எறியப்படும் செங்கல்லைப் பிடித்துப் பழகிய கை. 1985இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு வந்தார். முதல் பருவத்தில் பந்தைத் திரும்பத் திரும்பத் தவறவிட்டார். சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். ஓய்வு பெற்றபோது அவர் பிடித்திருந்த பாஸ்கள் 1,549. அந்த லீக்கில் அதுதான் அதிகம். செங்கல் பிடித்த கைக்கே அப்படி ஒரு பருவம் வந்தது என்றால், கோவா பிடித்த கைக்கும் வரலாம் என்று சொன்னபோது பையன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான்.

நம் ஆட்டத்தில் நொக்-ஒன் ஆனால் எதிரணிக்கு ஸ்க்ரம், அதாவது இரு அணியினரும் தோள் கோத்துத் தள்ளி ஆட்டத்தை மறுபடி தொடங்குவது. ஸ்க்ரம் அமைய நேரம் எடுக்கும். அந்த நேரம் தவறவிட்டவனுக்குக் கிடைத்த கொடை. செய்ய வேண்டியது மூன்று: கையைக் காற்சட்டையில் நன்றாகத் துடை, உன் எதிரே இருக்கும் விங் எங்கே நிற்கிறான் என்று பார்த்து உன் இடத்துக்குப் போ, உனக்குப் பக்கத்து இடத்தில் நிற்கும் சென்டர் ஆட்டக்காரனிடம், "அடுத்த பந்தை எனக்குத் தா" என்று வாய்விட்டுச் சொல். மூன்றாவதுதான் கடினம். தவறவிட்டவன் பந்து தன் பக்கம் வராமல் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வான், நான் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டிருப்பவனின் கால் அரை அடி பின்னால் நிற்கும். வாயால் கேட்டுவிட்டால் கால் முன்னே வரும்.

கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாமார், அண்ணன்மார், ஆசிரியர்களுக்கு: "கை என்ன சல்லடையா?" என்று கத்தாதீர்கள். அந்தப் பிள்ளை அடுத்த பந்தைப் பார்ப்பதற்குப் பதிலாக உங்கள் முகத்தைப் பார்ப்பான். சொல்ல ஏதாவது வேண்டும் என்றால் "எழுத்து" என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். மச்சான் இப்போது அதைத்தான் சொல்கிறார். அவருக்கு றக்பி விதிகள் இன்னும் முழுதாகத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லொறியில் ஏற்றும்போதும் கோவாவை வீசிவிட்டு "எழுத்து" என்கிறார், பையன் "க" என்று பதில் சொல்கிறான்.

கடந்த சனிக்கிழமைக் கொப்பிக் கணக்கு: நாற்பத்திரண்டு பந்து, ஐந்து தவறியது. ஆள் வந்தபோது தவறியது ஒன்று. மீதி நான்கும் மழையில், இடப்பக்கத்திலிருந்து வந்தவை. வாளியையும் சவர்க்காரத்தையும் இந்த வாரம் அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறோம்.